ஒரே தலைப்பு, மூன்று பாட்டு

போன கிழமை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "த பவர் ஒஃப் லவ் போடுங்கோ" என்றார் ஒருத்தர். போட்டோம். "இது இல்லை" என்றார். இன்னொன்றைப் போட்டோம். அதுவும் இல்லையாம். மூன்றாவதைப் போட, "இதுதான்!" என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு அப்பதான் சந்தேகம் வந்தது: "இது செலின் டியோன்ட பாட்டெல்லோ, ஏன் வேற ஆரோ பாடுறா?" அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

1984 நவம்பரில் இருந்து 1985 ஒக்ரோபர் வரை, ஒரு வருசத்துக்குள், இந்த ஒரே தலைப்பில் மூன்று வேறு வேறு பாட்டுகள் பிரித்தானியாவில் ஓடின. மெட்டு வேறு, வரிகள் வேறு, எழுதியவர்கள் வேறு. தலைப்பு மட்டும் ஒன்று.

முதலாவது, லிவர்பூலைச் சேர்ந்த 'பிராங்கி கோஸ் டு ஹொலிவூட்' குழுவுடையது. இவர்களின் முதற்பாட்டு 'ரிலாக்ஸ்', பாலியல் சார்ந்த வரிகளுக்காக பிபிசியால் தடை செய்யப்பட்டது. இரண்டாவது 'டூ ட்ரைப்ஸ்', பனிப்போரைப் பற்றியது. அதற்குப் பிறகு ஒரு மெதுவான காதல் பாட்டை ஆரும் எதிர்பார்க்கவில்லை. 1984 டிசம்பரில் அது முதலிடத்துக்குப் போனது. முதல் மூன்று சிங்கிள்களும் முதலிடம் பிடித்த சாதனையை அதற்கு முன் செய்தது, அதே லிவர்பூலின் 'ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்' மட்டும்தான். பாட்டில் கிறிஸ்மஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வீடியோவில் இயேசு பிறப்பைக் காட்டினார்கள். அதோடு அது கிறிஸ்மஸ் பாட்டாகிவிட்டது. இதைப் பாடிய ஹொலி ஜோன்சன், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை அந்தக் காலத்திலேயே மறைக்காதவர். அது தெரிந்து கேட்டால் இந்தப் பாட்டின் காதலுக்கு இன்னொரு கனம் வருகிறது.

இரண்டாவது, அமெரிக்காவின் 'ஹியூயி லூயிஸ் அண்ட் த நியூஸ்' பாடியது. 1985இல் வந்த 'பாக் டு த ஃபியூச்சர்' படத்துக்காகச் செய்த ரொக் பாட்டு. படத்தின் கதையைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. படத்தில் கதாநாயகனின் குழு இதே பாட்டை வாசிக்க, சத்தம் கூடிப்போச்சு என்று நிராகரிக்கும் நடுவராக வருபவரே ஹியூயி லூயிஸ்தான்! 1985 ஓகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம், ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

மூன்றாவதுதான் எங்கட குழப்பத்துக்குக் காரணம். பாடியவர் ஜெனிபர் ரஷ். நியூயோர்க்கில் பிறந்தவர், ஆனால் பாட்டு பதிவானது மேற்கு ஜேர்மனியில். பிரித்தானியாவில் 1985 கோடையில் வெளிவந்து, மெல்ல மெல்ல ஏறி, ஒக்ரோபரில் முதலிடம் வந்தது. அந்த வருசம் அங்கே அதிகம் விற்ற சிங்கிள் இதுதான். தனிப் பாடகி ஒருவரின் சிங்கிள் அங்கே 10 இலட்சம் பிரதிகளைத் தாண்டியதும் இதுவே முதல் தடவை. ஆனால் சொந்த நாடான அமெரிக்காவில் 57ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

அப்ப, ஏன் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போடவில்லை? தலைப்பு ஆருக்கும் சொந்தமில்லை என்பதால்தான். அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் பெயர்கள், தலைப்புகள், சிறு சொற்றொடர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பிரித்தானியச் சட்ட மரபிலும் இதற்கு ஒரு பழைய பாட்டு வழக்கு உண்டு. 'மொன்டே கார்லோவில் வங்கியை உடைத்த மனிதன்' என்ற பொருள்படும் 19ஆம் நூற்றாண்டுப் பாட்டின் தலைப்பை, 1935இல் ஒரு ஹொலிவூட் படத்துக்கு வைத்தார்கள். பாட்டின் உரிமையாளர்கள் கனடாவில் தொடுத்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அப்போது எங்கட நாட்டுக்கும் அதுதான் கடைசி மேன்முறையீட்டு மன்றம். 1939இல் அது சொன்ன தீர்ப்பு: ஒரு தலைப்பு, பதிப்புரிமை கோரும் அளவுக்குப் பெரிய படைப்பு அல்ல.

மெட்டு அப்படியில்லை. ஜோர்ஜ் ஹரிசனின் 'மை ஸ்வீட் லோர்ட்' பாட்டின் தலைப்புக்கும் 'ஹீஸ் சோ ஃபைன்' என்ற பழைய பாட்டின் தலைப்புக்கும் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் மெட்டு ஒத்துப்போனதால், தெரியாமலே நகல் எடுத்துவிட்டார் என்று 1976இல் நியூயோர்க் நீதிமன்றம் சொன்னது.

இப்ப செலின் டியோனுக்கு வருவோம். 1993இல் அவர் பாடியது ஜெனிபர் ரஷின் பாட்டை. ஒரே தலைப்பில் இன்னொரு பாட்டு இல்லை, அதே பாட்டின் மறுபாடல். 1994இல் அது அமெரிக்காவில் முதலிடம் போனது. ரஷ் 57இல் விட்ட இடத்தை டியோன் எட்டினார். பாட்டும் உலகத்தின் நினைவில் அவருடையதாகிவிட்டது. ஆனால் அதை எழுதிய நால்வரில் ரஷும் ஒருவர். குரல் மறந்துபோனாலும், எழுதியவர்களின் பட்டியலில் பெயர் இருப்பதால் அந்த வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு. பாட மட்டும் செய்திருந்தால் அதுவும் கிடைத்திராது. அமெரிக்க வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளுக்கு எழுதியவர்களுக்குத்தான் உரிமைத்தொகை கொடுக்கின்றன, பாடியவர்களுக்கு இல்லை.

நாங்கள் ஸ்டோரியில் பாட்டுப் போடும்போது தலைப்பை மட்டும் எழுதிப் பழகிவிட்டோம். அந்தத் தலைப்பு ஆருடையதும் இல்லை. அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற பெயர்கள்தான் அந்தப் பாட்டின் வரலாறு. அடுத்த முறை ஒருக்கா அதையும் வாசியுங்கோ. அன்றைக்கு "ஏன் வேற ஆரோ பாடுறா" என்று கேட்ட எங்கட நண்பர், இப்ப ஜெனிபர் ரஷைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்.