முற்றத்து உலையின் வரலாறு

இந்திய உலோகப் படிம வரலாறு பெரும்பாலும் கோயிலையும் அரசவையையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, சூட்டில் மெழுகை அகற்றி, அது விட்டுச்சென்ற இடத்தில் உலோகத்தை நிரப்பும் மெழுகிழப்பு வார்ப்பு என்றவுடன் நினைவுக்கு வருவன, மொகஞ்சதாரோவில் கிடைத்த 10.5 செ.மீ. உயர நடனப் பெண்ணும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுமே. வீட்டு முற்றத்தில் குடும்பமாகக் கூடிச் செய்யப்பட்ட வார்ப்போ, அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிட்டது. எளிமையானது என்பதால் அது தொன்மையானது, தொன்மையானது என்பதால் வளர்ச்சியற்றது என்ற எண்ணமும் உடன் சேர்ந்துகொண்டது. நுட்பத்தை நெருங்கிப் பார்த்தால் இவ்வெண்ணம் நிலைக்காது.

முதலில் நூல் மரபு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (ஆட்சிக்காலம் 1126–1138) இயற்றியதாக வழங்கும் 'மானசோல்லாசம்' இவ்வார்ப்பை விவரிக்கிறது. மெழுகுக்கு வடமொழியில் 'மதூச்சிட்டம்' என்று பெயர். தேனின் எச்சம் என்பது பொருள். மெழுகு உருவத்தை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளியாயின் அதன் 12 மடங்கும், பொன்னாயின் 16 மடங்கும் உலோகம் எடுக்க வேண்டும் என்கிறது அந்நூல். பருமன் ஒன்றே, அடர்த்தி வேறு என்ற அறிவே இக்கணக்கின் அடிப்படை. சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் மெழுகின் எடையைக் கொண்டே உலோகத்தின் அளவு முடிவாகிறது. இம்மரபில் உலோகம் தனி மூசையில் உருகும்; பின்னர் மண் அச்சில் ஊற்றப்படும். அதற்குத் தனி உலை வேண்டும், ஊற்றும் பயிற்சியுடையோர் வேண்டும், பட்டறை வேண்டும்.

சத்தீசுகரின் பஸ்தர் பகுதியிலும், மேற்கு வங்கத்தின் பிக்னா, தரியாப்பூர் ஆகிய ஊர்களிலும் வேறொரு தீர்வு காணப்பட்டது. அங்கே மண்ணால் கரு செய்து, தேன்மெழுகும் பிசினும் கலந்த கலவையைத் துளைகளின் வழியே அழுத்தி இழையாக்கி, அக்கருவின்மேல் சுற்றுவர். அதன்மேல் நுண்மண்ணும் பிறகு பருமண்ணும் பூசப்படும். உடைந்த பித்தளைத் துண்டுகள் இட்ட மண்கிண்ணத்தை அச்சின் வாயோடு பொருத்தி, இணைப்பையும் மண்ணால் மூடிவிடுவர். மூசையும் அச்சும் இவ்வாறு ஒரே மண்கூடாகின்றன. கிண்ணம் கீழும் அச்சு மேலுமாக அக்கூடு தீயில் வைக்கப்படும். உலோகம் உருகியதும் இடுக்கியால் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், அது தானே இறங்கி மெழுகு இருந்த இடத்தை நிரப்பும்.

முற்றத்தில் வார்ப்பைச் சாத்தியமாக்கியது இந்த மூடிய கூடே. இங்கே ஊற்றுதல் என்ற தனிச்செயல் இல்லை. உருகிய உலோகம் வெளிக்காற்றில் குளிர்வதில்லை. ஒரு சிறு குழியும் விறகும் உலைக்குப் போதும். கையால் திருப்பக்கூடிய எடையே உருவின் அளவுக்கு எல்லையாகிறது. ஆகவே உருவின் உள்ளே கரு இருந்தாக வேண்டும்; உலோகம் மெல்லிய ஓடாக அமைந்தாக வேண்டும். இழை சுற்றுவதால் மெழுகின் தடிப்பு ஒரே சீராகிறது. உலோகத்தின் தடிப்பும் அவ்வாறே. அருங்காட்சியகப் பார்வையாளர் 'பழங்குடிப் பாணி' என வியக்கும் வரிக்கோலம், உண்மையில் உலோகச் சிக்கனத்தின் தடயமும் ஆகும். நூலில் கணக்காக எழுதப்பட்ட அறிவு இங்கே கூட்டின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

இதை ஓர் அறிவு மரபாகவே அணுகியவர் சிற்பி மீரா முகர்ஜி (1923–1998). 1950களில் மியூனிக்கில் பயின்று திரும்பிய அவர், பஸ்தர் கைவினைஞர்களிடம் மாணவியாக அமர்ந்து இம்முறையைக் கற்றார். நாடெங்கும் உள்ள உலோகக் கைவினைஞரைப் பற்றிய அவரது ஆய்வை இந்திய மானிடவியல் ஆய்வகம் 1978இல் நூலாக வெளியிட்டது. 'கலிங்கத்தில் அசோகர்' போன்ற அவருடைய பெரும்படைப்புகள், முற்றத்தில் கற்ற பாடத்தைப் பெரிய அளவுக்கு விரித்தவை.

எஞ்சுவது பெயரின் சிக்கல். இன்று இவை அனைத்தும் 'டோக்ரா' என ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. பஸ்தரில் இதைச் செய்வோர் கட்வா எனப்படுவர். உருவாக்குதல், வடித்தல் என்ற பொருளுடைய வினையோடு இணைத்து அப்பெயர் விளக்கப்படுகிறது. ஜார்க்கண்டில் மல்ஹார், ஒடிசாவில் சிதுலியா, தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியில் ஓஜா எனப் பெயர்கள் வேறுபடும். ஒரு சமூகப் பிரிவின் பெயராயிருந்த டோக்ரா, கைவினையின் பெயராகி, பின்னர் வணிகப் பெயராகி, புவிசார் குறியீட்டிலும் 'பஸ்தர் டோக்ரா' என இடம்பெற்றுவிட்டது. அச்சொல் சந்தையில் கைவினைஞருக்கு உதவியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வரலாற்று ஆய்வில் அதுவே தடையாகிறது. ஒரே பெயர் ஒரே தோற்றத்தையும் ஒரே இடப்பெயர்வையும் முன்கூட்டியே கற்பித்துவிடுகிறது. எந்த ஊரில் எந்த மண், எந்தப் பிசின், கூட்டை எவ்வாறு இணைத்தனர் என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. அருங்காட்சியகப் பதிவேட்டில் 'டோக்ரா, பித்தளை' என்னும் இரு சொற்களுடன் செய்தோர் தம்மை அழைத்துக்கொண்ட பெயரும் வார்ப்பு முறையும் சேர்க்கப்பட வேண்டும். முற்றத்து உலையின் வரலாற்றை எழுத வருவோருக்கு முதன்மைச் சான்றுகள் அவையே.