எட்டும் நான்கும்: சொல்வகைப் பாகுபாடும் தமிழ்த் திருமறையும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் சாந்தோம் நோக்கிச் செல்வோர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவரின் சிலைகளையும் காணலாம். 1968 சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவை நிறுவப்பெற்றன. மூவரும் அருட்பணியாளர், மூவரும் இலக்கணம் வகுத்தவர். தம் நாட்டுப் பள்ளியில் சொற்களை எட்டாகப் பிரிக்கக் கற்று வந்த இவர்கள், நான்காகப் பிரிக்கும் மொழியொன்றை இங்கே எதிர்கொண்டனர். அச்சந்திப்பின் வரலாறு இறையியல் மாணவர்க்குப் பயன் தருவதாகும்.

எட்டு என்னும் மரபு

பெயர், பிரதிப்பெயர், பெயரடை, வினை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என ஆங்கில இலக்கணம் எண்வகை கூறும். இப்பாகுபாடு ஆங்கிலத்தில் பிறந்ததன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான தியோனீசியு திராக்சின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணமே அதன் ஊற்று. அதிலும் வகைகள் எட்டே. ஆனால் அவை வேறு எட்டு. இலத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆகவே உரோமர் அதை நீக்கி, வியப்புச்சொல்லைத் தனிவகையாக்கி எண்ணிக்கையைக் காத்தனர். ஆங்கிலேயரோ பெயரடையைப் பெயரினின்று பிரித்தனர். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது கூறிற்று. எனவே எட்டு என்பது மரபின் எண்ணேயன்றி மொழியியற்கையின் எண் அன்று.

நான்கு என்னும் மரபு

தொல்காப்பியமும் அதன் வழிவந்த நன்னூலும் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தன. 'அவன்' என்பது பிரதிப்பெயர் என்று ஒதுக்கப்படாமல் பெயருள் அடங்கும். 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சமாக வினையின்பாற்படும். 'வேகமாக' என்பதிலுள்ள 'ஆக'வும் 'ஆகு' என்னும் வினையின் எச்சமே. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நிற்கும் உறவுச்சொல், தமிழில் பெயருக்குப் பின் வேற்றுமை உருபாய் வரும். உருபும், 'உம்' போன்ற இணைப்பும் இடைச்சொல்லாம்.

இரு மரபுகளின் சந்திப்பு

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு, போர்த்துகீசிய இலக்கண நூலொன்றை முன்மாதிரியாகக் கொண்டு தமிழிலக்கணம் எழுதினார். சீகன்பால்கு 1716இல் ஆலே நகரில் இலத்தீனில் வெளியிட்ட தமிழ் இலக்கணமும் ஐரோப்பியச் சட்டத்தைத் தழுவியதே. வீரமாமுனிவரோ இருவழியும் சென்றார். தரங்கம்பாடியில் 1738இல் அச்சான கொடுந்தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியர்க்காக இலத்தீனில் எழுதினார். தொன்னூல் விளக்கத்தைத் தமிழர் மரபிலேயே எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என வகுத்தார்.

சென்னையில் இச்சந்திப்பு கல்வி நிலையமாகவே உருப்பெற்றது. எல்லிசின் முயற்சியால் 1812இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில அலுவலர் தமிழ்ப் புலவரிடம் பாடங்கேட்டனர். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையின் பெயர் அக்கல்லூரியை நினைவூட்டுகிறது. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அக்கல்லூரி அச்சகம் 1822இல் வெளியிட்டது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856), திராவிட மொழிகளில் பெயரடை எனப்படுவன பெரும்பாலும் பண்புப்பெயர்களே என்றும், இணைப்புப் பிரதிப்பெயர் இம்மொழிகளில் இல்லை என்றும், அதன் பணியைப் பெயரெச்சம் ஆற்றுகிறது என்றும் விளக்கினார். புறச்சட்டத்தில் இடமில்லாத ஒன்றைக் குறையென எண்ணாமல், அம்மொழியின் இயல்பென அவர் கண்டார்.

திருமறைப் பணியில் இதன் பயன்

நம் மாணவர் பெரும்பாலும் ஆங்கில நூல்வழியே கிரேக்கம் பயில்கின்றனர். அதனால் ஆங்கிலச் சொல்வகையையே எல்லா மொழிக்கும் அளவுகோலாகக் கொள்ளும் இடருண்டு. எபேசியர் 1:3-14 கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். இணைப்புப் பிரதிப்பெயர்களே அதைத் தொடுத்துச் செல்கின்றன. அவ்வாறே தமிழில் தொடுக்க முயன்றால் 'எவரோ அவர்' என்னும் செயற்கை நடை பிறக்கும். பெயரெச்சங்களை அடுக்கினாலோ தலைமைப் பெயர் வருமுன் கேட்போர் சோர்வர். ஆகவே வாக்கியத்தைப் பிரித்து உறவைக் காப்பதே நேர்மையான பெயர்ப்பு.

சில இடங்களில் தமிழ் குறைவாகக் காட்டும். யோவான் 1:1இல் 'தேவன்' என்னும் சொல் முதலில் ஆர்ட்டிகிளுடனும் பின்னர் அஃதின்றியும் வருவது தமிழில் புலப்படாது; போதகர் அதை விளக்கியாக வேண்டும். வேறு சில இடங்களில் தமிழ் மிகுதியாகக் கேட்கும். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மை ஒன்றே; தமிழிலோ 'நாம்', 'நாங்கள்' என இரண்டு. எபேசியர் 1:12இல் கிறிஸ்துவில் முன்னமே நம்பிக்கை வைத்தவர் யாவர்? அடுத்த வசனம் 'நீங்களும்' எனத் தொடங்குவதால், யூதக் கிறிஸ்தவரை மட்டும் குறிக்க 'நாங்கள்' என்பதா, வாசகரையும் உட்படுத்தி 'நாம்' என்பதா என மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே தீரவேண்டும். ஆங்கில வாசகர் கவனியாது கடந்து செல்லக்கூடிய இவ்வினாவைத் தமிழ் தவிர்க்க விடுவதில்லை. திருச்சபையின் எல்லையைப் பற்றிய இறையியல் வினா ஒரு பிரதிப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

எட்டு வகையைக் கற்பதில் தவறில்லை. கிரேக்க நூலைத் திறக்க அது வேண்டிய திறவுகோலே. ஆயினும் மறையுரை நிகழ்வது நான்கு வகையுள்ள மொழியில். இரண்டையும் அறிந்து, ஒன்றன் சட்டத்தை மற்றொன்றின்மேல் ஏற்றாதிருப்பதே அம்முன்னோடிகளின் உழைப்பு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.