கூந்தலும் கொக்கியும்

திருவோணத்திலிருந்து அபிஜித்தை நோக்கி மனத்துக்குள் ஒரு கோடு இழுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்ததும் பைனாகுலரை நிறுத்துங்கள். புரட்டாசி முன்னிரவுகளில் நமக்கு அந்த இடம் உச்சிக்கு அருகிலேயே இருக்கும். சட்டை மாட்டும் ஹேங்கர் ஒன்று அங்கே தெரியும். ஆறு மீன்கள் அளவுகோல் வைத்து அடித்தாற்போல் நேர்வரிசையில் நிற்கும். நடுவிலிருந்து நான்கு மீன்கள் வளைந்து கொக்கியாகும். முதல்முறை பார்த்தபோது பைனாகுலரைக் கீழே இறக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றைச் சித்திரை, வைகாசியில் பார்க்கலாம். சிம்மத்தின் வால் மீனான உத்திரத்துக்கு வடகிழக்கே பெரெனிசின் கூந்தல் என்ற மண்டலம் இருக்கிறது. போருக்குப் போன கணவன் நலமாகத் திரும்ப வேண்டி எகிப்து அரசி பெரெனிஸ் தன் கூந்தலைக் காணிக்கையாக்கினாள், அதுவே வானேறியது என்பது பெயருக்குப் பின்னால் உள்ள கதை. அங்கே ஐந்து பாகைக்கும் மேற்பட்ட பரப்பில் மங்கலான மீன்கள் இறைந்து கிடக்கும். தெருவிளக்கு இல்லாத ஊரில் வெறுங்கண்ணுக்கே மெல்லிய படலமாகத் தெரியும். சொல்லிக்கொள்ளும்படி உருவம் ஏதும் கிடையாது.

இவ்விரண்டில் எது உண்மையான விண்மீன் கொத்து என்று கேட்டால் நம் கண் தயங்காமல் கொக்கியைக் காட்டும். உண்மையான கொத்து கூந்தல்தான். கொக்கி வெறும் தோற்றம். இந்தத் தீர்ப்பை எட்ட வானியலுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த வழியை அறிந்தவருக்கு, ஒரு கொத்து அட்டவணையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

திறந்த கொத்து என்பது ஒரே வாயு முகிலில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஈர்ப்பினால் சேர்ந்தே பயணம் செய்யும் மீன்களின் குடும்பம். வயது ஒன்று, தொலைவு ஒன்று, போகும் திசை ஒன்று. உருவ அழகுக்கு இந்த இலக்கணத்தில் இடமே இல்லை.

இரண்டையும் முன்னோர் அறிந்திருந்தார்கள். கூந்தலைத் தாலமி குறித்திருக்கிறார். கொக்கியை அல் சூஃபி கி.பி. 964இல் தம் நூலில் எழுதிவைத்தார். பின்னால் வந்த புகழ்பெற்ற அட்டவணைகளோ இரண்டையும் விட்டுவிட்டன. 1781இல் முடிந்த மெசியேயின் 103 உருப்படிகளில் இவை இல்லை. 1888இல் டிரையர் தொகுத்த என்.ஜி.சி.யின் 7,840இலும் இல்லை. தொலைநோக்கியின் குறுகிய வட்டத்துக்குள் அடங்காத அளவுக்கு இவை பெரியவை. கருவி பெரிதாகப் பெரிதாக இவை கண்ணிலிருந்து நழுவின. அகன்ற வானத்தை ஒரே தகட்டில் பிடிக்கும் ஒளிப்படம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. 1915இல் பிரிட்டனின் மெலோட், ஃபிராங்க்ளின் ஆடம்ஸ் படத்தகடுகளை ஆராய்ந்து 245 கொத்துகளைப் பட்டியலிட்டார். கூந்தல் அதில் 111ஆம் எண். 1931இல் சுவீடனின் பேர் கொலிண்டர் 471 கொத்துகளை அடுக்கினார். கொக்கி அதில் 399ஆம் எண். அன்றைய நிலையில் இரண்டும் சமம். ஆளுக்கோர் எண் கிடைத்துவிட்டது.

இவை வானில் அமைந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே ஒரு சந்தேகம் எழ வேண்டும். கொக்கி குறுநரி மண்டலத்தில், பால்வீதியின் நெரிசலுக்கு நடுவே இருக்கிறது. அத்தனை மீன்கள் குவிந்த இடத்தில் அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஒரே பார்வைக் கோட்டில் விழுந்து, தற்செயலாக ஓர் உருவம் அமைவது பெரிய வியப்பல்ல. கூந்தல் இருப்பதோ பால்வீதித் தட்டிலிருந்து விலகி, அதன் வடதுருவத்துக்கு மிக அருகில். அங்கே பின்னணி மீன்கள் குறைவு. வெறிச்சோடிய அந்தப் பகுதியில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டாலே காரணம் தேட வேண்டும். திறந்த கொத்துகள் பெரும்பாலும் தட்டை ஒட்டியே கிடக்கும். அப்படியிருக்க இது ஏன் துருவத்தில் தெரிகிறது? கூந்தல் நமக்கு வெறும் 280 ஒளியாண்டுத் தொலைவில்தான் உள்ளது. தட்டின் தடிமனுக்குள்ளேயே, நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் போதாது, அளவை வேண்டும். இங்கே ராபர்ட் டிரம்ப்ளரை நினைக்காமல் நகர முடியாது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் உழைத்தவர். கொத்துகளை வகைப்படுத்த 1930இல் அவர் தந்த முறை இன்றும் வழக்கில் உண்டு: மையத்தில் எவ்வளவு செறிவு, மீன்களின் ஒளிர்வில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு, எண்ணிக்கை எவ்வளவு. மூன்றும் தோற்றத்தை வைத்துச் சொல்பவை. அதே ஆண்டில் கொத்துகளின் அளவையும் ஒளிர்வையும் ஒப்பிட்டு, விண்மீன்களுக்கு இடையே ஒளியை விழுங்கும் தூசு பரவியிருப்பதையும் அவர் நிறுவினார். அட்டவணையில் போலிகள் மலிந்தால் இத்தகைய முடிவுகளே ஆட்டம் கண்டுவிடும். ஒரு கொத்து உண்மையா என்ற கேள்வியைச் சில்லறை விவகாரமாக என்னால் நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

தோற்றத்தை வகைப்படுத்திய அதே மனிதர் 1938இல் கூந்தலைச் சோதித்தது தோற்றத்தை விலக்கித்தான். மீன்கள் வானில் நகரும் திசையையும் வேகத்தையும் பார்த்து 37 மீன்களை ஒரே குடும்பமாகப் பிரித்தெடுத்தார். கூந்தல் மீன்கள் நூறாண்டில் நகர்வது ஏறத்தாழ ஒன்றரை விகலை. முழுநிலாவின் அகலத்தைக் கடக்க லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த நுண்ணிய நகர்வில் குடும்பத்து மீன்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. அந்தப் பரப்பில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் காமா மீன் ஒத்துப்போகவில்லை. அது வழியில் குறுக்கே நிற்கும் அந்நியன். நமக்கு இன்னும் அருகில் இருப்பது.

கொக்கிக்கு இந்தச் சோதனை தாமதமாகத்தான் நடந்தது. 1970இல்கூட, பிரகாசமான ஆறு மீன்களாவது கொத்துதான் என்று ஓர் ஆய்வு சொன்னது. 1997இல் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவைகள் வெளியாயின. சுமார் 1,18,000 மீன்களின் தொலைவைக் காட்டும் இடமாறு தோற்றமும் நகர்வும் முன்னெப்போதும் இல்லாத துல்லியத்தில் கிடைத்தன. அடுத்த ஆண்டே முடிவு வந்துவிட்டது. கொக்கியின் மீன்களில் சில இருநூற்றுச் சொச்சம் ஒளியாண்டில், சில அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தொலைவில். நகர்வும் ஆளுக்கொரு திசை. நிறங்களும் கலப்படம்: சூடான நீல மீன்களோடு குளிர்ந்த செம்பூதங்கள். இவை ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளாக இருக்கவே முடியாது.

ஆனால் ஒத்த நகர்வு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2019இல் கையா செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு கூந்தலை மறுபடி ஆராய்ந்தபோது இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. ஒன்று, பால்வீதியின் ஈர்ப்பு இழுத்துக் கிழித்ததால் கொத்துக்கு முன்னும் பின்னும் நீண்ட வால்கள் இருக்கின்றன. அது மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. மற்றொன்று, அதன் அருகிலேயே எக்ஸ் என்று பெயரிடப்பட்ட இன்னொரு மீன்குழு போகிறது. அதன் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு, கூந்தலைவிட இளையது. இரு தனிக் குடும்பங்கள் ஒரே சாலையில் ஒன்றையொன்று கடந்துகொண்டிருக்கின்றன. 1938இல் இருந்த தகடுகளில் இதைப் பார்த்திருக்க வழியில்லை.

கையா 146 கோடி மீன்களின் இடமாறு தோற்றத்தை அளந்து தந்திருக்கிறது. அதன் பிறகு அட்டவணை வேலை தலைகீழானது. முன்பு கண் கூட்டத்தைக் காட்டும், கணக்கு அதைச் சோதிக்கும். இப்போது கணினி இடம், தொலைவு, நகர்வு மூன்றிலும் ஒத்த மீன்களைச் சேர்த்துக் கொத்துகளைத் தேடுகிறது. பழைய பட்டியல்களில் இருந்த கொத்துகள் பல இந்தச் சல்லடையில் நிற்கவில்லை. 2023இல் எமிலி ஹன்ட்டும் சபினே ரெஃபர்ட்டும் வெளியிட்ட அட்டவணையில் 7,167 கொத்துகள். அவற்றில் 2,387 புதிதாகத் தென்பட்டவை. ஆனால் மிக நம்பத்தக்கவை என்று அவர்களே தனியாகப் பிரித்துக் கொடுத்திருப்பது 4,105. தம் பட்டியலுக்குத் தாமே சல்லடை போட்ட அந்த நேர்மைக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

போலி என்று தெரிந்தவற்றை அட்டவணையிலிருந்து அடித்துவிட வேண்டும் என்போர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எண்ணை எடுத்துவிட்டால் நாளை வேறொருவர் அதே கொக்கியைப் புதுக் கொத்தென்று மறுபடி எழுதிவைப்பார். கொலிண்டர் 399 என்ற எண் அப்படியே இருக்கட்டும். அதன் எதிரே "கொத்து அல்ல, தற்செயல் அமைப்பு" என்ற குறிப்பும் இருக்கட்டும். தீபாவளிக்கு முன் மழை விட்ட ஓர் இரவில் கொக்கியையும், வரும் சித்திரையில் கூந்தலையும் அதே பைனாகுலரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.