மொறிஸ் மைனரின் சொக்கைக் கழற்றி எறிய முன்…

எங்கள் பக்கத்தில் பழைய கார்களைத் திருத்தி ஓட ஆசைப்படும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். சந்தோசம். ஆனால் சிலர் முதலில் எறிய நினைப்பது முன் சொக் அப்சோபரைத்தான். "பழைய கைப்பிடிச் சொக் சேர், குழாய்ச் சொக் போட்டால் சொகுசாயிருக்கும்" என்கிறார்கள். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டனில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதில் ஆம்ஸ்ரோங் சொக் ஒரு உலோகப் பெட்டி. உள்ளே எண்ணெயும் பிஸ்ரனும், வெளியே ஒரு கை. முன்பக்கம் அந்தக் கைதான் சில்லைத் தாங்கும் மேல் ஆம். அதை எடுத்தால் சில்லுக்கு மேற்பிடியே இல்லை. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் இதே ஏற்பாடுதான்.

இந்தக் கார்கள் எங்களிடம் தங்கியதற்கும் காரணம் உண்டு. 1970–77 காலத்தில் இறக்குமதி இறுக்கப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் விலைபோன செம்மண் கமக்காரரிடம் காசு புழங்கியது. புதுக் கார்தான் இல்லை. ஆகவே இருந்ததையே பேணினார்கள். 1977க்குப் பிறகு யப்பான் கார்கள் வரத் தொடங்கின, என்றாலும் பழையவை போகவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் தடைப்பட்டன. சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. ஒரு காரைக் கழற்றித்தான் இன்னொன்றை ஓடவிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் எங்களை யாழ்ப்பாண நகரிலிருந்து வெளியேற்றினார்கள். இரும்பும் லொறியும் உதிரிப்பாகமும் எங்கள் ஆட்களின் தொழில்களாயிருந்தவை. எந்தச் சாமான் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று கையால் தடவியே சொன்னவர்கள் வெறுங்கையோடு புத்தளம் பக்கம் போனார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்து சிலர் திரும்பியபோது அந்தக் கைகளில் பல இல்லை.

அதனால்தான் இன்று தெரிவு கடினம். எங்கள் அபிப்பிராயம் இது: முதலில் இருக்கிற சொக்கைச் சோதியுங்கள். காரை ஜக்கில் ஏற்றித் தாங்கி வைத்து, கையின் இணைப்பைக் கழற்றி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சீராக இறுக்கம் வேண்டும். இடையில் தொய்ந்தால் எண்ணெய் குறைவு அல்லது வால்வு பழுது. தண்டு பக்கவாட்டில் ஆடினால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, புஷ் தேய்ந்துவிட்டது; கடைச்சல் தெரிந்தவர் வேண்டும். விடும் எண்ணெய் சொக் எண்ணெய். கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் முன் போர்க்குக்கான 20 தர எண்ணெய். பிரேக் எண்ணெய் வேண்டாம்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே இலை ஸ்பிரிங்தான் அச்சைத் தாங்குகிறது. சொக் தனியே நிற்கிறது. சரியான பிராக்கெட் இருந்தால் குழாய்ச் சொக் தாராளமாகப் போடலாம். முன்னுக்குப் போட்டே ஆகவேண்டுமென்றால் பழைய பெட்டியை மேல் ஆமாக வைத்துக்கொண்டுதான் போடவேண்டும். மிக இறுக்கமானதை வாங்காதீர்கள். புத்தூர்–மீசாலை வீதியின் ஒரு பள்ளம் போதும், முதுகு சொல்லும்.

கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கவும் வேண்டாம். இரும்பு வியாபாரம் செய்த சமூகத்தில் பிறந்த நாங்களே இதைச் சொல்கிறோம்! பிரித்தானியாவில் திருத்திய சொக் விற்கும் கடைகள் பழையதைத் திருப்பிக் கேட்கும். கொடுக்காவிட்டால் மேலதிகப் பணம். அந்தப் பெட்டி இருந்தால்தான் இன்னொன்றைத் திருத்த முடியும்.