ஏழு சவரன்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், பந்தல்காரர் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் ஒரு தாளை நீட்டினான். "ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா ஒரு கையெழுத்து." தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்த ரிவால்வரின் உரிமம் அவன் பெயருக்கு மாறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. நிலத்தைப் பிரித்தபோது இப்படி ஒரு தாளை யாரும் நீட்டவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கும் பங்கு உண்டு என்கிறது. எங்கள் வீட்டில் "அவளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பதே சட்டம். துப்பாக்கிக்கு மட்டும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசாங்கம். என் கையெழுத்துக்கு அந்த வீட்டில் மதிப்பு வந்தது இரும்பின் தயவால்தான்.

"பார்த்துட்டுப் போடறேண்ணா" என்றேன்.

அந்த ரிவால்வருக்கு ஒரு கதை உண்டு. 1930களில் கோடியக்கரைக்கு வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, தாத்தாவின் குறி தப்பாத கையை மெச்சித் தன் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். சித்தப்பாக்கள் சொல்லும்போது துரை கலெக்டராவார். பெரியப்பா சொல்லும்போது கவர்னர் ஆகிவிடுவார். கொக்கு, உள்ளான் சுடப் போகிறவன் ரிவால்வரை எதற்கு எடுத்துப்போகிறான் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்தால், வாரிசுகள் தாமதமின்றி ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். எங்களுடையது திருச்சியில் ஒரு வியாபாரியிடம் இருந்தது. அண்ணனோடு நானும் போனேன். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் மேல்தாழை அழுத்தித் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று எனக்கும் காட்டிய பிறகே மேசைமேல் வைத்தார். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. அத்தனை பெருமையும் இந்தச் சின்னச் சாமான் மேலா ஏற்றப்பட்டிருந்தது என்று இருந்தது எனக்கு.

"எந்தக் காலத்துதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டு உருப்பெருக்கியை என்னிடம் தந்தார். ஓலைச்சுவடியும் பழைய அச்சுப் புத்தகமும் பார்த்துப் பழகிய கண் எனக்கு. எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதுபோலத்தான் இதுவும். வெப்லி அண்ட் ஸ்காட், பர்மிங்ஹாம், .32 என்பதெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. அவர் காட்ட நினைத்தது வேறு. குழலிலும், சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் பொடிப்பொடியாக முத்திரைகள் இருந்தன. பர்மிங்ஹாமில் 1813 முதல் ஒரு சோதனைக் கூடம் இருக்கிறது. விற்பனைக்கு வரும் துப்பாக்கியில் வழக்கத்தைவிட அதிக மருந்து நிரப்பிச் சுட்டுப்பார்ப்பார்கள். வெடித்துச் சிதறாமல் தாங்கினால் முத்திரை. பழைய காலத்தில் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனியாகக் குத்தினார்கள். 1954 விதிகளுக்குப் பிறகு அவை ஒன்றாகி, கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற மூன்றெழுத்து முத்திரை வந்தது.

எங்கள் துப்பாக்கியில் இருந்தது அந்த மூன்றெழுத்து.

துரை, வேட்டை, இடுப்பு எல்லாம் போயிற்று. அண்ணன் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தான். "மறுபடி டெஸ்ட் பண்ணியிருப்பாங்களோ?" என்றான். நம் ஊரில் இருந்த துப்பாக்கியை யார் கப்பலேற்றி பர்மிங்ஹாமுக்கு அனுப்பினார்கள் என்று பெரியவர் திருப்பிக் கேட்டார்.

மீதியைச் சொன்னது அப்பாயியின் கணக்கு நோட்டு. அவர் இறந்தபோது பட்டுப்புடவைகளை அத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத நோட்டு எனக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு படித்தவர், மோர்க்காரிக்குக் கொடுத்த காலணாவையும் எழுதிவைத்தவர். அதில் ஒரு வரி: 'விகாரி ஆவணி. இரட்டைவடம் 7 சவரன் அவுகளிடம் கொடுத்தது. துப்பாக்கிக்கு.' விகாரி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1899, 1959, 2019. பல முறை படித்த வரிதான். தோட்டா வாங்கவோ உரிமத்துக்கோ என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். முத்திரையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்தபோது வேறு வழி இல்லை: 1959 ஆகஸ்ட், செப்டம்பர். அது பரிசே இல்லை. காசு கொடுத்து வாங்கியது, அதுவும் அப்பாயியின் கழுத்திலிருந்து.

1959இல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு மிராசுதாருக்கு எதற்குக் கைத்துப்பாக்கி? கள்ளர் பயம் என்று பெரியப்பா சொல்லக்கூடும். நான் வரலாற்றுப் பேராசிரியை இல்லை. ஆனாலும் தேதிகள் வரிசையாகத்தான் நிற்கின்றன. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955இல் குத்தகைதாரர்களை வெளியேற்றுவதற்கு எதிரான சட்டம். அடுத்த ஆண்டே நியாயக் குத்தகைச் சட்டம். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் நில உச்சவரம்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. செங்கொடிச் சங்கம் சேரிதோறும் இருந்தது. கூலியாக அளக்கும் நெல்லுக்கு அரைப்படி கூடக் கேட்டவர்கள் முதன்முதலாக நிமிர்ந்து நின்று கேட்டார்கள். தாத்தா பயந்தது அவர்களைப் பார்த்து. பயந்தேன் என்று சொல்ல முடியாத ஆண் துரையைக் கொண்டுவருகிறான். 1878 ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து நம்மவரை உரிமம் கேட்டு நிற்க வைத்திருந்ததால், துரை கையால் துப்பாக்கி வாங்குவது அந்தத் தலைமுறைக்குப் பட்டாபிஷேகம் மாதிரி.

அந்த ரிவால்வர் ஒருமுறைகூடச் சுடவில்லை என்பது வீட்டின் இன்னொரு பெருமை. அதை நம்புகிறேன். சுடத் தேவையில்லை, இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும். களத்தில் கூலி அளக்கும்போது மேசைமேல் வைத்திருப்பார் என்று அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். 1968 டிசம்பர் 25 இரவு, அதே மாவட்டத்தில் வெண்மணியில், கூலி கூடக் கேட்ட தலித் குடும்பங்களின் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. எங்கள் வீடு அங்கிருந்து தள்ளித்தான். தள்ளி என்பதை எவ்வளவு தூரத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விலை விவரத்துக்கு வருகிறேன். பெரியவர் மூன்று லட்சம் வரை போகும் என்றார். 1980களின் நடுவில் தனியார் ஆயுத இறக்குமதி நின்றுபோனது. உரிமத்தோடு உள்ள பழைய இங்கிலாந்து.32க்கு அதனால்தான் இங்கே இத்தனை கிராக்கி. கான்பூரில் அரசு செய்யும் .32 ரிவால்வரும் இந்த வெப்லியைப் பார்த்துச் செய்ததே. 2014இல் அந்தத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற இலகு ரிவால்வரை விட்டது: சுமார் அரைக் கிலோ எடை, ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் விலை, நகைப்பெட்டி போன்ற பெட்டி. டெல்லியில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் நிழலில் அந்தப் பெயர். எந்தப் பெண்ணிடம் அந்தப் பணம் இருக்கும், எந்த வீட்டில் அந்தப் பெட்டியின் சாவி அவளிடம் இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1959இல் பத்து கிராம் தங்கம் ஏறக்குறைய 100 ரூபாய். ஏழு சவரன் என்பது 56 கிராம். ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். இன்றைக்கு அந்த இரட்டைவடம் இருந்தால் பெரியவர் சொன்ன மூன்று லட்சத்தைத் தாண்டியிருக்கும். அப்பாயி எந்தச் சட்டத்திலும் அந்தத் துப்பாக்கியின் உடைமையாளர் இல்லை. கடைசிவரை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். தாத்தா போனபின் அதுவும் இல்லை.

பெரியவர் உரிம விண்ணப்பத்தை அண்ணனிடம் கொடுத்தார். ஆயுதம் எதற்குத் தேவை என்ற இடத்தில் 'தற்காப்பு' என்று எழுதினான். "யாருகிட்டேருந்துண்ணா?" என்றேன். "அதெல்லாம் ஃபாரத்துல கேக்கல" என்றான்.

திரும்பி வரும்போது பேருந்தில் நோட்டைக் காட்டினேன். வல்லம் தாண்டும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு வந்தான். "அப்பாயி எழுத்து அழகா இருக்கில்ல" என்றான். தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. ரிவால்வர் திருச்சியில் பெரியவரின் இரும்பு அலமாரியில் கிடக்கிறது. மாதக் கட்டணத்தை இருவரும் பாதிப் பாதி கட்டுகிறோம்.