கேம் என்ஜினுக்கு லினக்ஸ் ஆதரவு: உருவாக்குநர் ஆர்வத்தை அளப்பதில் உள்ள சிக்கல்கள்

கேம் என்ஜின் ஒன்றை விற்கும் நிறுவனம் புதிய இயங்குதளம் ஒன்றுக்கு ஆதரவு தருமுன் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். அந்த ஆதரவை எத்தனை உருவாக்குநர்கள் உண்மையில் பயன்படுத்துவார்கள், அதற்காகும் செலவு திரும்ப வருமா என்பதே அந்தக் கணக்கு. லினக்ஸைப் பொறுத்தவரை கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கணக்கு இரு பக்கமும் தவறியிருக்கிறது. பெருங்குரலில் எழுந்த கோரிக்கை சில இடங்களில் பணமாக மாறவில்லை. கோரிக்கையே இல்லை என்று கருதப்பட்ட துறைகளிலிருந்து வேறு சில இடங்களில் தேவை வந்து நின்றது. பிழைக்குக் காரணம் பெரும்பாலும் தரவுக் குறைவு அன்று. அளக்கப்படும் பொருள் எது என்பதை முதலில் வரையறுக்காமல் விட்டதே காரணம்.

‘லினக்ஸ் ஆதரவு’ என்ற தொடருக்குள் குறைந்தது மூன்று தேவைகள் அடங்கியுள்ளன. என்ஜினில் உருவாக்கிய கேம் லினக்ஸில் ஓட வேண்டும் என்பது ஒன்று. காட்சிகளை அடுக்கவும் நிரல் எழுதவும் பயன்படும் எடிட்டரே லினக்ஸில் ஓட வேண்டும் என்பது இன்னொன்று. பலர் கூடி ஆடும் கேமின் சர்வர் பகுதி மட்டும், திரை ஏதுமின்றி, லினக்ஸ் கணினியில் ஓட வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவதைக் கேட்பவர் சந்தையைப் பார்க்கிறார்; இரண்டாவதைக் கேட்பவர் தம் மேசையைப் பார்க்கிறார்; மூன்றாவதைக் கேட்பவர் சர்வரின் மாத வாடகைச் சீட்டைப் பார்க்கிறார். ஒருவரே மூன்றையும் கேட்பதும் உண்டு, ஆனால் அரிது. மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்டு ஒரே எண்ணாகக் கூட்டினால் கிடைக்கும் விடையை வைத்து எந்தப் பணியையும் திட்டமிட முடியாது.

யூனிட்டி என்ஜினின் வரலாறு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 2005-இல் மேக் கணினிக்கு மட்டுமே உரியதாக வெளிவந்த அந்த என்ஜினுக்கு விண்டோஸ் எடிட்டர் 2009-இல்தான் கிடைத்தது. 2012 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு, லினக்ஸில் ஓடும் கேம்களை உருவாக்க வழி செய்தது. எடிட்டர் லினக்ஸுக்கு வந்தது 2015 ஆகஸ்டில், அதுவும் ‘சோதனை முயற்சி’ என்ற பெயரில். 2019 மே மாதத்தில்தான் அது முறையான ஆதரவை நோக்கிய முன்னோட்டப் பதிப்பாக உயர்ந்தது. முதல் தேவைக்கும் இரண்டாவது தேவைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டு இடைவெளி. சோதனைக்கும் உறுதிமொழிக்கும் இடையே மேலும் நான்கு ஆண்டு.

முதல் தேவை 2012-இல் நிறைவேறியதற்கு அக்காலச் சூழலும் காரணம். 2010 மே மாதத்தில் வெளியான முதல் ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ தொகுப்பில் விலையை வாங்குபவரே தீர்மானித்தார். அதில் லினக்ஸ் பயனர்கள் கொடுத்த சராசரித் தொகை விண்டோஸ் பயனர்கள் கொடுத்ததைவிட மிகக் கூடுதல். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற மக்கள் நிதித் தளத்தில் ஏறத்தாழ 29 லட்சம் டாலர் திரட்டிய ‘வேஸ்ட்லேண்ட் 2’, யூனிட்டியில் உருவான கேம். லினக்ஸ் பதிப்பும் தருவதாக அது நிதியளித்தோருக்கு வாக்களித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், தன் ‘லெஃப்ட் 4 டெட் 2’ கேம் விண்டோஸ் 7-இல் நொடிக்கு 270.6 சட்டங்களும் லினக்ஸில் 315 சட்டங்களும் காட்டியதாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீம், லினக்ஸுக்கு 2013 பிப்ரவரியில் வெளியானது.

இவையெல்லாம் ஆடுவோரின் ஆர்வத்துக்குச் சான்றுகள். உருவாக்குநரின் ஆர்வத்துக்கு நேரடிச் சான்றுகள் அல்ல. இரண்டுக்கும் இடையே பாலமாக நின்றது மக்கள் நிதி. ரசிகரிடம் முன்பணம் வாங்கி லினக்ஸ் பதிப்பு தருவதாக எழுதிக் கொடுத்த உருவாக்குநர், மறுநாளே என்ஜின் நிறுவனத்தின் கதவைத் தட்டும் வாடிக்கையாளராகிவிடுகிறார். பொருளியலார் இதை வழித்தோன்றல் தேவை என்பர். இவ்வகை ஆர்வம் உண்மையானது. ஆனால் ஆயுள் குறைந்தது. வாக்குறுதி நிறைவேறியதும், அடுத்த கேமுக்கு அதே வாக்குறுதியைத் தர வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஆர்வமும் மறைந்துவிடும்.

இலவச வாக்குக்கும் பணத்துக்கும் உள்ள தூரத்தை டார்க் 3டி என்ஜினின் அனுபவம் அளந்து காட்டியது. கராஜ்கேம்ஸ் நிறுவனம் 2012-இல் அந்த என்ஜினை எம்ஐடி உரிமத்தில் திறமூலமாக்கியது. லினக்ஸுக்கு அதைக் கொண்டுவரும் பணிக்காக அவ்வாண்டு இறுதியில் இண்டிகோகோ தளத்தில் நிதி கேட்டது. இலக்கு ஏறத்தாழ 29,000 டாலர். திரண்டது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அந்த இலக்கே ஒரு நிரலாளரின் சில மாத ஊதியத்தைத் தாண்டாதது, லினக்ஸ் கேம் ஆர்வம் உச்சத்தில் இருந்த பருவமும் அதுவே. இதை வைத்து ‘லினக்ஸை யாரும் விரும்பவில்லை’ என்று முடிவு கட்டுவது அவசரம். டார்க்கின் வாடிக்கையாளர் வட்டம் அப்போது சிறியது. யூனிட்டி அதே நேரத்தில் லினக்ஸ் வெளியீட்டைத் தன் விலைக்குள்ளேயே அடக்கித் தந்தது. ஆர்வமுள்ளவருக்கு வேறு வழி திறந்திருந்தது. ஆயினும் ஒன்று உறுதி: அந்த நிதித்திரட்டல் கொடுத்த எண், எந்த வாக்கெடுப்பும் கொடுத்திருக்கக்கூடிய எண்ணைவிட நம்பத்தக்கது.

வாக்கெடுப்பு ஏன் நம்பத்தகாதது? லினக்ஸ் பயனர்கள் பொய் சொல்வதால் அல்ல. அவர்கள் கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். தங்கள் தளம் எண்ணிக்கையில் சிறியது என்று அறிந்தவர்கள். எனவே அழைப்பு வந்தால் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வருவார்கள். வாக்குக்கு விலை இல்லை. ‘லினக்ஸ் எடிட்டர் வேண்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் காரணம் இல்லை. ‘இதற்காக அடுத்த பதிப்பின் நிழல் வரைவு மேம்பாட்டை ஆறு மாதம் தள்ளிவைக்கலாமா’ என்று கேட்டால் கூட்டம் பாதியாகக் கலையும்.

எதிர்த்திசைப் பிழை இதைவிட நுட்பமானது. நிறுவனம் தன் வாடிக்கையாளரின் கணினிகளிலிருந்து வரும் பயன்பாட்டுத் தரவைப் பார்த்து, அவர்களில் லினக்ஸ் பயனர் எவரும் இல்லை என்று காண்கிறது. எடிட்டர் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடுமானால் தரவில் வேறெதுவும் தெரிய வாய்ப்பில்லை. கடைக்குள் காலே வைக்காதவர் என்ன வாங்க விரும்பினார் என்று கல்லாப்பெட்டியில் தேடும் வேலை இது.

செலவுப் பக்கத்துக்கு வந்தால், உருவாக்குநர் வட்டத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இரு கணக்குகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. ‘பிளானட்டரி அனைஹிலேஷன்’ கேமை உருவாக்கியவர்களில் ஒருவர் 2019-இல் வெளியிட்ட தகவல்படி, அதன் விற்பனையில் லினக்ஸின் பங்கு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. தானியங்கி முறிவு அறிக்கைகளிலும் உதவிக் கோரிக்கைகளிலும் அதன் பங்கு 20 விழுக்காட்டுக்கும் மேல். முறிவுகளில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் டிரைவர் சார்ந்தவை. இந்த எண்ணைக் கேட்ட எந்த நிதி மேலாளரும் லினக்ஸ் பக்கம் திரும்ப மாட்டார்.

‘டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்’ கேமின் உருவாக்குநர் 2021-இல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. விற்ற படிகள் ஏறத்தாழ 12,000. அவற்றில் லினக்ஸ் பயனர் வாங்கியவை 700, அதாவது 5.8 விழுக்காடு. வந்த வழுவறிக்கைகள் 1,040. அவற்றில் லினக்ஸ் பயனர் அனுப்பியவை ஏறத்தாழ 400, அதாவது 38 விழுக்காடு. தலைக்கு எத்தனை என்று பார்த்தால் லினக்ஸ் பயனர் ஒருவருக்கு 0.57 அறிக்கை, மற்றவர் ஒருவருக்கு 0.06-ஐத் தொடாத அளவு. பத்து மடங்கு வேறுபாடு. இதுவரை முதல் கணக்கின் சாயல்தான். ஆனால் அந்த 400-இல் லினக்ஸில் மட்டுமே தோன்றும் வழுக்கள் மூன்றுதான். மற்றவை எல்லாத் தளங்களிலும் இருந்தவை. விண்டோஸ் பயனரும் சந்தித்து, எழுதி அனுப்பாமல் விட்டவை. ‘அறிக்கை எண்ணிக்கை’ என்பதைச் செலவு என்று முதல் கணக்கு படித்தது; இரண்டாவது கணக்கு அதையே கூலியில்லாத தரச்சோதனை என்று படித்தது.

முரணின் திறவுகோல் என்ஜினில் இருக்கிறது. முதல் கேம் நிறுவனத்தின் சொந்த என்ஜினில் எழுதப்பட்டது. டிரைவர் வேறுபாடுகளை அந்தச் சிறு குழுவே சுமந்தது. இரண்டாவது கேம் கோடோ என்ஜினில் உருவானது. அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் திறமூலமான கோடோவின் எடிட்டரே லினக்ஸில் ஓடுவது. அதை உருவாக்குவோரில் பலர் லினக்ஸிலேயே வேலை செய்பவர்கள். தள வேறுபாடுகளில் பெரும்பகுதியை என்ஜினே விழுங்கிவிடுகிறது. ஆகவே உருவாக்குநரின் ஆர்வம் என்பது என்ஜினுக்கு வெளியே தனியே நிற்கும் ஒரு மாறாத அளவு அன்று. என்ஜினின் லினக்ஸ் ஆதரவு அரைகுறையாக இருந்தால் வழுக்கள் பெருகும், உருவாக்குநர் ஒதுங்குவார், ஆர்வம் குறைவு என்று அளவீடு சொல்லும், அதைக் காட்டி ஆதரவு மேலும் வெட்டப்படும். ‘ராக்கெட் லீக்’ கேமை உருவாக்கிய சையோனிக்ஸ் 2020 மார்ச்சில் மேக், லினக்ஸ் ஆதரவை நிறுத்தியபோது, இரு தளங்களும் சேர்ந்தே செயலில் உள்ள ஆட்டக்காரரில் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. விண்டோஸ் பதிப்பு டைரக்ட்எக்ஸ் 9-இலிருந்து 11-க்கு மாறியதே உடனடிக் காரணம். 0.3 என்பது விருப்பத்தின் அளவா, பல ஆண்டு கிடைத்த சேவையின் விளைவா என்று அந்த எண்ணிலிருந்து மட்டும் பிரித்தறிய இயலாது.

இத்தகைய சுழலை உடைக்கும் வழிகளுள் சிறந்தது, யூனிட்டி 2015-இல் செய்ததே: உத்தரவாதம் ஏதும் தராமல் ஒரு சோதனைப் பதிப்பை வெளியே விட்டு, யார் பதிவிறக்குகிறார், யார் திரும்ப வருகிறார், யார் முழுத் திட்டத்தையே அதில் நடத்துகிறார் என்று கவனிப்பது. குறைபாடுள்ள கருவியில் தன் நேரத்தைச் செலவிடுபவர் கொடுக்கும் விலை பணத்துக்கு நிகரானது. எபிக் நிறுவனம் அன்ரியல் என்ஜின் 4-க்குத் தெரிந்தோ தெரியாமலோ இன்னும் கடுமையான ஒரு சோதனையை வைத்தது. 2014-இல் மாதம் 19 டாலர் சந்தாவுக்கு மூலநிரல் கிடைத்தது. லினக்ஸ் எடிட்டர் வேண்டுவோர் அதைத் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெடுநேரம் பிடிக்கும் அந்த வேலையைச் செய்து முடித்தவரின் ஆர்வத்தை எவரும் ஐயுற முடியாது. ஆனால் இந்தச் சல்லடையின் கண் மிகச் சிறியது. நிறுவி உடனே ஓட்ட விரும்பும் சாதாரண உருவாக்குநர் அதில் விழவே மாட்டார். வாக்கெடுப்பு மிகையாகக் காட்டுவதை இது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது சோதனைப் பதிப்பு.

அந்தச் சோதனை யூனிட்டிக்குக் கொடுத்த விடை எதிர்பாராதது. 2019-இல் லினக்ஸ் எடிட்டருக்கு முறையான ஆதரவு தரப்போவதாக அறிவித்தபோது நிறுவனம் சுட்டிய காரணங்களில் கேம் உருவாக்குநரோடு திரைப்படத் துறையும், மோட்டார் வாகனம் உள்ளிட்ட உற்பத்தித் துறைகளும் இருந்தன. ஆதரிக்கப்பட்ட பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும்: உபுண்டு 16.04, உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7. வீட்டில் கேம் ஆடுபவர் சென்ட்ஓஎஸ் நிறுவுவது அபூர்வம். அது காட்சி விளைவுக் கூடங்களின் பணிக்கணினிகளில் பரவலாக இருந்த தளம். ஆட்டக்காரரின் ஆரவாரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வாடிக்கையாளர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான், பழைய அளவுகோல்களில் ஒன்றைத் தலைகீழாக்கியது. விண்டோஸுக்காக உருவான கேமை மாற்றமின்றி லினக்ஸில் ஓட்டும் அடுக்கு அது. 2022 பிப்ரவரியில் வந்த அதே நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் அதன்மேல்தான் நிற்கிறது. வால்வின் மாதாந்திரக் கணிப்பில் லினக்ஸின் பங்கு 2018-இல் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்து 2025 இறுதியில் 3 விழுக்காட்டை எட்டியது. ஆட்டக்காரர் பெருகியபோது, லினக்ஸுக்கெனத் தனிப் பதிப்பு வெளியிட உருவாக்குநருக்கு இருந்த காரணம் சுருங்கியது. விண்டோஸ் பதிப்பையே டெக்கில் ஓட்டிப் பார்த்து, குறைகளைத் திருத்தி, அத்தோடு நிறுத்திக்கொள்வது பலருக்குப் போதுமாகிவிட்டது. என்ஜினில் லினக்ஸ் வெளியீட்டைத் தேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் நிறுவனம், சந்தை வளர்வதைத் தேய்வாகப் படிக்கும் அபாயம் இதில் உண்டு. எடிட்டர் தேவைக்கும் சர்வர் தேவைக்கும் இது பொருந்தாது; புரோட்டான் அவற்றைத் தொடவில்லை.

எனவே இன்று வைக்கப்படும் கணிப்பு, விருப்பத்தைக் கேட்பதைவிட நிலைமையைக் கேட்க வேண்டும். கையில் உள்ள திட்டம் எது, எப்போது வெளியாகும், குழுவில் எத்தனை பேர் ஏற்கெனவே லினக்ஸில் வேலை செய்கிறார்கள், எந்த விநியோகம், எந்த கிராபிக்ஸ் அட்டை, கேம் புரோட்டானில் சரியாக ஓடினால் தனிப் பதிப்பு தேவையா, சர்வரை எங்கே நடத்துகிறார்கள் என்பவை சரிபார்க்கத்தக்க விடைகள் உள்ள கேள்விகள். ஏற்கெனவே கேம் வெளியிட்டவரின் விடையையும் இனிமேல் தொடங்க நினைப்பவரின் விடையையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். என்ஜினை விட்டு விலகியவரிடமும் கேட்க வேண்டும்; இது செலவு பிடிக்கும் வேலை என்பதால் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

இந்த ஆய்வுப்பொருளில் மிகப் பெரிய தடை, எத்தனை திட்டங்கள் எந்தத் தளத்துக்குத் தொகுக்கப்படுகின்றன என்ற விவரம் என்ஜின் நிறுவனங்களுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடுவது. வெளியே இருப்பவர் தனி உருவாக்குநர்கள் தாமாக வெளியிடும் ஓரிரு கணக்குகளை வைத்தே வாதிட வேண்டியுள்ளது. வால்வ் ஆட்டக்காரர் பங்கை மாதந்தோறும் வெளியிடுவதுபோல, என்ஜின் நிறுவனங்கள் தள வாரியான தொகுப்பு விவரத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெளியிட முன்வர வேண்டும்.