கூடைக் கயிறும் கூந்தலும்: மலையக வீடுகளில் செய்யக்கூடிய தலைமுடிப் பராமரிப்பு

குளிர்கால அதிகாலையில் நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவில்தான் இருக்கிறது. அதனால்தான் பல லயத்து வீடுகளில் எண்ணெய்ப் போத்தலின் இடம் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கூந்தல் பராமரிப்புக் குறிப்புகள் இன்று கைத்தொலைபேசியில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெப்பமான ஊர்களில், வெயிலில் தலை உலர்த்த நேரமுள்ளவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. காலை மலைக்கு ஏறி, மழையில் நனைந்து, தலையில் கூடைக் கயிற்றோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலைமை வேறு. எந்த வீட்டு மருந்து உண்மையில் உதவும், எது உதவாது, எது ஆபத்து என்பதை மலையகச் சூழலை வைத்தே பார்ப்போம்.

முதலில் காரணத்தை அறிதல்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஆகவே எந்த எண்ணெயும் ஒரு வாரத்தில் பலன் காட்டாது. அப்படிச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

மலையகப் பெண்களின் முடிக்கு முதல் எதிரி கயிறு. நாளொன்றுக்கு 18 கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து கேட்கப்படும் வேலையில், கூடை நிறைய நிறைய அதன் பாரம் கயிற்றின் வழியே தலையில் இறங்குகிறது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இழுவையும் உராய்வும் இருந்தால் அங்கே முடி ஒடியும், மெலியும், வேரும் பலவீனமாகும். ஆரம்பத்திலேயே இழுவையைக் குறைத்தால் முடி திரும்ப வளர வாய்ப்புண்டு. நீண்டகாலம் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடலாம்.

இதற்கு இலை மருந்து கிடையாது. கயிற்றுக்கு அடியில் தடித்த துணியை நாலாக மடித்து வைக்கலாம். கயிறு படும் இடத்தை அடிக்கடி மாற்றலாம். முடியை இறுக்கிக் கொண்டை போடாமல் தளர்வாகப் பின்னலாம். பாரத்தைத் தோளுக்கு மாற்றும் கூடையோ பையோ தருவது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய காரியம்.

இரண்டாவது எதிரி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் விடாது பெய்யும். நனைந்த தலையைத் துணியால் மூடி நாள் முழுக்க வேலை செய்தால் தலைத்தோலில் அரிப்பும் பொடுகும் கூடும். வீட்டுக்கு வந்தவுடன் ஈரத்துணியைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈர முடி எளிதில் ஒடியும் என்பதால் அழுத்தித் துவட்டக் கூடாது. தலைத்துணியை இரண்டாக வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டுவது நல்லது.

எண்ணெய்: எது உண்மை?

தேங்காய் எண்ணெய் முடி இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் இந்தப் பலனைத் தரவில்லை. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியாயினும், எண்ணெய் இருக்கும் முடியைக் காக்கும். புதிய முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மூலிகை எண்ணெய் காய்ச்ச விரும்புவோர் அரை லீற்றர் தேங்காய் எண்ணெய்க்குக் கரிசலாங்கண்ணி ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, செவ்வரத்தம் பூ ஐந்தாறு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். இலைகளை நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெயில் போட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே தள்ளித் தொங்கவிட்டு உலர்த்தலாம். மெல்லிய தீயில் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு வடிகட்டவும். எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் வாய் அகன்ற போத்தலில் ஊற்றிவைத்தால், வேண்டிய அளவை உலர்ந்த கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம். உருக்குவதற்குப் போத்தலைச் சுடுநீரில் வைத்தால் போதும். நேரடியாக நெருப்பில் காட்டக் கூடாது.

குளிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு நுனி வரை பூசினால் போதுமானது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை இரவு முழுக்க வைத்திருப்பதைத் தவிர்க்க வேண்டும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசையே உணவு.

கழுவுதல்: மலைத் தண்ணீரின் நன்மை

யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கடினமானது, அங்கே சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. மலையகத்தின் ஊற்றுநீரும் ஓடைநீரும் பெரும்பாலும் மென்னீர். ஆகவே சீயக்காயோ ஷாம்பூவோ கொஞ்சம் போட்டாலே அழுக்குப் போய்விடும். ஒரு ஷாம்பூ பக்கெட்டை அப்படியே தலையில் கொட்டாமல், ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பாதியைப் பாவித்தாலே பலருக்குப் போதும்.

சீயக்காய்: இரண்டு மேசைக்கரண்டி தூளைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்க்கவும். சீயக்காயிலுள்ள சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் அழுக்கை எடுக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் பிள்ளைகளுக்குப் பாவிக்கும்போது கவனம் தேவை.

செவ்வரத்தை இலை: பத்துப் பதினைந்து இலைகளைத் தண்ணீரில் கசக்கினால் வழவழப்பான சாறு வரும். வறண்ட, சிக்குப் பிடிக்கும் முடிக்கு இது நல்லது. வேலியோரத்திலேயே கிடைப்பதால் செலவும் இல்லை.

வெந்தயம்: இரண்டு மேசைக்கரண்டியை இரவு ஊறவைத்து அரைத்துப் பூசி, 20 நிமிடத்தில் கழுவவும். முடி மிருதுவாகும். கச்சான், கடலை வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் தவிர்ப்பது நல்லது.

தேயிலைச் சாயமும் மருதாணியும்

தேயிலைத் தூளைக் கடும் சாயமாகக் கொதிக்கவைத்து, ஆறிய பின் அலசினால் நரைமுடி சற்றே கருமையாகத் தெரியும். அடுத்தடுத்த முழுக்கில் அது போய்விடும். மருதாணி நரையைச் செம்பழுப்பாக்கும், கறுப்பாக்காது. சில நிமிடங்களில் கன்னங்கரேல் என்று ஆக்கும் ‘மருதாணி’ பக்கெட்டுகளில் பிபிடி எனப்படும் இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது சிலருக்கு முகவீக்கம் வரை கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். காதுக்குப் பின்னால் சிறிது பூசி 48 மணித்தியாலம் பார்த்த பிறகே எந்தச் சாயத்தையும் பாவிக்க வேண்டும்.

பேன்

பேன் முட்டை பொரிக்க 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்தினால் பலன் இல்லை. ஈரத்தலையில் எண்ணெய் தடவி, நெருக்கமான பேன்சீப்பால் மூன்று நாட்களுக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு வாரம் வார வேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பார்ப்பது அவசியம்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெயைத் தலையில் பூசக் கூடாது. விறகடுப்பு எரியும் சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. தோட்டத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அடிக்கும் பூச்சிகொல்லி தலைத்தோல் வழியாகவே உடலுக்குள் போகும். அதைப் பேனுக்குத் தொடவே கூடாது. சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். தேசிக்காய்ச் சாற்றைத் தலையில் பூசிக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போனால் தோல் கருகிக் கொப்புளம் போடலாம்.

தலைக்கு அல்ல, தட்டுக்கு

முடி பரவலாக உதிரும்போது காரணம் பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும். காய்ச்சலுக்குப் பின், பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் முடி கொட்டுவது வழமை, அது தானாகவே தேறும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் மருந்தில்லாமல் தேறாது.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று கெடுதல் செய்கிறது. ரொட்டியோடும் சோற்றோடும் சாயத்தண்ணி குடிப்பது மலையகத்தின் வழமை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். அதேபோல நெல்லி, கொய்யா, தேசிக்காய் ஆகியவற்றின் விற்றமின் சி இரும்பு சேர உதவும். தேசிக்காயைத் தலையில் பிழிவதைவிடக் கீரைச்சுண்டலில் பிழிவது கூந்தலுக்கு நல்லது. முட்டை, நெத்தலிக் கருவாடு, கௌபி, பருப்பு என்று இயன்றதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

களைப்பு, மூச்சுவாங்கல், வெளிறிய நகம், அதிக மாதவிடாய் ஆகியவற்றோடு முடியும் உதிர்ந்தால் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்காமல் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். வட்டவட்டமாக முடி கொட்டினாலும், தலையில் சீழ், செதில், வலி இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். பிள்ளைகளின் தலையில் வரும் படர்தாமரைக்கு மேல்பூச்சு போதாது, உட்கொள்ளும் மருந்து தேவை.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் சீயக்காயையும் வெந்தயத்தையும் எண்ணெய் முழுக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். அப்பாயி காய்ச்சிய எண்ணெய் முடியைக் காக்கும், மணக்கும், மனதுக்கும் ஆறுதல் தரும். இரத்தத்தில் குறைந்த இரும்பை மட்டும் அதனால் ஈடுகட்ட முடியாது.